மேகத்துக்குள் ஒரு கல்யாணம்

ஆர்மோனியத்துக்கு மேகம் ஆகாது. ஈரம் ஏறினால் கட்டைகள் ஊதிக்கொள்ளும், அமுக்கினது எழும்பாது, ஏதாவது ஒரு சுரம் மட்டும் கேட்பாரில்லாமல் அழுதுகொண்டே இருக்கும். மிருதங்கத்துக்கும் ஆகாது. தோல் தொய்ந்துபோய், அடித்தால் ஈரத்துணி துவைக்கிற சத்தம் வரும். ராஜபார்ட்டுக்கு, அதாவது எங்கள் நாடகத்தில் கதாநாயகன் வேடம் கட்டுகிறவருக்கு, அது ஆகவே ஆகாது. உடுப்பு முழுக்க ஜிகினா தைத்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறவரை யாராலும் பார்க்க முடியாது என்றால் அவருக்கு வேறு என்ன மிச்சம்? இத்தனை பேருக்கும் ஆகாத மேகம், கதாநாயகியாக ஆடிய ஒரு பெண்ணுக்கு மட்டும் ஒரு சித்திரை மாதத்தில் ஆகிவந்தது. அதைக் கிட்டத்திலிருந்து பார்த்தவன் நான். பார்த்தவன் என்றுகூடச் சொல்லக் கூடாது; எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கேட்டவன்.

ஐம்பதுகளின் கடைசி அது. பழனி அடிவாரத்தில் எங்களுக்கு விபூதி, சந்தனம், காவடிச் சாமான் விற்கிற கடை. நான் கல்லாவில் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று என் தம்பியே சொல்வான். பேரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. "வேண்டாம்னா போங்கய்யா" என்று சொல்லிவிடுவேன். அதனால் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் நாடகத்துக்குக் கிளம்பும்போதெல்லாம், வீட்டில் மேலுக்குத் திட்டினாலும் உள்ளுக்குள் நிம்மதிப்பட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகி ஓர் ஊர், சிரிக்கவைக்கிற பபூன் வேறோர் ஊர். ஏஜெண்ட் ஒருவர் ஆள் சேர்த்துவிடுவார். மேடைக்குப் பின்னால் பவுடர் பூசும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி அது முருகன் மலைக்குறப் பெண்ணான வள்ளியைக் கட்டிக்கொள்கிற கதையாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு அந்தக் கதை எந்த வழியாகப் போய் எப்படி முடியும் என்பது யாருக்கும் தெரியாது. மேடையில் ஒருவர் ஒரு கேள்வி போட்டால் மற்றவர் அந்த இடத்திலேயே பதில் கட்ட வேண்டும். கட்டத் தெரியாதவர்களைக் காப்பாற்றுவது ஆர்மோனியக்காரன் வேலை. பின்பாட்டும் பாடி, சந்து பொந்தையெல்லாம் அடைத்து, ஜனங்களுக்குத் தெரியாமல் தூக்கி நிறுத்த வேண்டும். நான் எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். கைதட்டு அவர்களுக்குப் போகும்; எனக்குக் கழுத்துவலி மிஞ்சும்.

அந்தக் கதாநாயகியை மட்டும் நான் ஒருநாளும் தூக்கி நிறுத்தியதில்லை. திண்டுக்கல் பக்கத்துக்காரி, அப்போது முப்பதை ஒட்டிய வயது. பாட்டு என்று எடுத்துக்கொண்டால் அவளைவிட நல்ல குரலுக்கெல்லாம் நான் வாசித்திருக்கிறேன். மேல்ஸ்தாயி போனால் அவளுக்குக் குரல் கொஞ்சம் கீறும். ஆனால் மற்றவர்கள் பாட்டை முடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற இடத்தில்தான் அவள் ஆரம்பிப்பாள். பேசுவாள். வசனம் என்று அதைச் சொல்ல முடியாது, பாட்டு என்றும் சொல்ல முடியாது. சொல்லுக்குச் சொல் எதுகை வந்து விழும், கால் சலங்கை தாளம் போடும், கை காற்றில் படம் எழுதும். எல்லாம் அந்த இடத்திலேயே பிறக்கிற சொல். கூட்டத்தில் தாமதமாக வந்து இடம் தேடுகிறவனையும் விடமாட்டாள். அவனையும் தினைக்காட்டுக் கிளியாக்கி விரட்டுவாள். நான் சுருதியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பேன். இந்தப் பெண்ணுக்கு வாசிக்கிறோம் என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும்.

நாடகக்காரியை ஊர் விடியவிடியப் பார்க்கும். விடிந்த பிறகு அவளைப் பெண் கேட்டு யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மேடையில் கழுத்தை நீட்டுகிறவளுக்கு வெளியில் ஒரு கல்யாணம் கிடையாது. அவளுடைய தாயும் நாடகத்தில் இருந்தவள். தகப்பன் யார் என்று அவள் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பள்ளங்கியில் நாடகம் என்று ஏஜெண்ட் சொன்னபோது யாரும் நேரம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நாடகம் என்றால் ஊர் சாப்பிட்டு முடித்த பிறகு ஆரம்பித்து விடியும்வரை நடக்கும். பிறந்ததிலிருந்து எங்களுக்குத் தெரிந்த நாடகம் அதுதான். பள்ளங்கிக்காரர்களும் நேரம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? கொடைக்கானலுக்குக் கீழே மலைச்சரிவில் இருக்கிற ஊர் அது. ராத்திரி வெளியே உட்கார்ந்தால் விறைத்துப்போவார்கள். மத்தியானத்துக்கு மேல் மேகம் வந்து மூடிவிடும். அதனால் அங்கே நாடகம் என்றால் காலைக் கஞ்சி குடித்ததும் ஆரம்பித்து, மேகம் வருவதற்குள் தாலி கட்டி முடிப்பது. அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த நாடகம் அது. இரண்டு பக்கமும் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

நாங்கள் சாவகாசமாகக் கிளம்பினோம். பழனியில் நின்றால் மலை எதிரே நிற்கும். பஸ்ஸில் போக வேண்டுமென்றால் வத்தலக்குண்டு சுற்ற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் ராஜபார்ட் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவர் கொடைக்கானல் வரைக்கும் உள்ளே இழுக்கவில்லை. அங்கிருந்து காய்கறி லாரி ஒன்றில் ஏறி பள்ளங்கி போய் இறங்கியபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் மேடை போட்டு, ஊரே கம்பளியை விரித்து உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து.

"வாங்கய்யா வாங்க. வெள்ளனே வருவீகன்னு பாத்தா, வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வாரீக" என்று ஒரு பெரியவர் வரவேற்றார். ஏஜெண்டுக்கு நான் அந்த இடத்திலேயே கொடுத்த வசவுகளை இங்கே எழுத முடியாது. அவர் திண்டுக்கல்லில் இருந்ததால் அவர் காதில் விழவில்லை என்பது ஒன்றுதான் குறை.

வேடம் கட்டுவதற்கு முன் எங்களை ஒரு வீட்டில் உட்காரவைத்துச் சோறும் பூண்டுக் குழம்பும் போட்டார்கள். நேர்த்திக்கடனுக்காக அந்த நாடகத்தை வைத்ததே அந்த வீட்டு அம்மாள்தான். புருஷன் இல்லாமல் பூண்டு விவசாயம் பார்க்கிறவள். அவள் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பரிமாறிய மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, எங்க ஆத்தா சொல்லக் கூச்சப்படுது. நான் சொல்லுறேன். எனக்கு ஏற்கெனவே வந்த எடமெல்லாம் தட்டிப் போச்சு. இப்ப அடுக்கம்ங்கிற ஊருல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்திருக்காக. நாடகத்துல தாலி ஏறுன ஒடனே, கோயில் வாசல்லயே வெத்தலை பாக்கு மாத்துறதாப் பேச்சு. தாலி ஏறாம நாடகம் பாதியில நின்னா அது ஆகாத சகுனம். மாப்பிள்ளையோட மாமன் ஒருத்தர் இருக்காரு. அவரு எந்திரிச்சுட்டா அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுப் போயிருவாக. எப்படியாச்சும் தாலி வரைக்கும் வெரசாக் கொண்டுபோயிருங்கண்ணே."

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் கதாநாயகி கேட்டாள்: "மாப்பிள்ளையை உனக்குப் புடிச்சிருக்கா?"

அந்தப் பெண் குனிந்துகொண்டு சிரித்தாள். "வத்தலக்குண்டு சந்தையில எங்க ஆத்தா தலையில இருந்த பூண்டு மூட்டையை, கேக்காமயே வாங்கி எறக்கி வச்சாக. எறக்கி வச்சுட்டு ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாக. புடிக்காமலா உங்களுக்கெல்லாம் இம்புட்டுக் குழம்பு ஊத்துறேன்?"

"அந்த மாமன் எங்க உக்காந்திருக்காரு?"

"கோயில் மணி தொங்குற கல்தூணுக்குக் கீழ. கறுப்புக் கம்பளி போத்திக்கிட்டு இருமிக்கிட்டே இருப்பாரு. அவரைக் கண்டாலே எனக்குப் பயம்."

எங்கள் கதாநாயகி தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். சலங்கையை எடுத்து ஒன்றுக்கு இரண்டு முடிச்சாகக் கட்டிக்கொண்டாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் காட்சியை பபூன் வேகமாகவே ஓட்டினார். ராஜபார்ட்டிடம், "அண்ணாச்சி, இன்னைக்கு உங்க அறிமுகப் பாட்டைக் கொஞ்சம் சுருக்குங்க" என்று கெஞ்சியிருந்தேன். அவர் தலையை ஆட்டினார். மேடைக்குப் போய், பஸ்ஸில் பறிகொடுத்த மானத்தையெல்லாம் மீட்கிறவர் மாதிரி ஒரே அடியை இழுத்து இழுத்துப் பாடினார். கட்டையை மாற்றி அவரை இறக்கப் பார்த்தேன். மனிதர் இறங்கவில்லை. அதற்குள் கீழே பள்ளத்திலிருந்து மேகம் புறப்பட்டுவிட்டது. பூண்டுப் பாத்திகளை ஒவ்வொன்றாக முழுங்கிக்கொண்டு மேலே ஏறியது. கடைசி வரிசை மறைந்தது. நடுவில் உட்கார்ந்திருந்தவர்கள் மறைந்தார்கள். ராஜபார்ட் உள்ளே போய், வள்ளி தினைப்புனம் காக்கப் பரண்மேல் ஏறுகிற காட்சி வந்தபோது, என் கட்டைமேல் இருந்த என் விரலே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

யாரோ பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். அது இன்னும் மோசம். எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர் எழும்பினதுபோல வெள்ளையாக நின்றது. அணைக்கச் சொன்னேன். மிருதங்கக்காரர் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "செத்துப் போச்சு" என்றார். என் பெட்டியில் பஞ்சமக் கட்டை மாட்டிக்கொண்டு, அதில் விரல் வைக்காமலே ஊதியது.

"திரையைப் போடுங்க. மேகம் கலையட்டும்" என்று உள்ளேயிருந்து ராஜபார்ட் குரல் கொடுத்தார்.

"அது இனிமே காலையிலதாங்க கலையும்" என்று வெளியிலிருந்து எவரோ பதில் சொன்னார்கள்.

கம்பளியை உதறுகிற சத்தம் கேட்டது. பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கல்தூண் பக்கமிருந்து ஓர் இருமல், பிறகு ஒரு கட்டைக் குரல்: "ஏலே, எந்திரிங்க. சோலி முடிஞ்சுது."

அப்போது சலங்கை ஒரே ஒரு தடவை அதிர்ந்தது. பாட்டு இல்லை. பேச்சுதான். அடிவயிற்றிலிருந்து, அவசரமே இல்லாமல்.

"வலது காலை வைக்கிறேன், ஏணியிலே ஒரு படி.
இடது காலை வைக்கிறேன், இன்னும் ஒரு படி.
பரண்மேலே நிக்கிறேன், பாக்க ஒரு ஆளில்லே.
கேக்க ஒரு ஆளிருக்கா? இருந்தா ஒரு குரல் குடுங்க!"

மேகத்துக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை, "இருக்கேன் ஆத்தா!" என்றாள். அது எங்களுக்குக் குழம்பு ஊற்றிய பெண்ணின் குரல் என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் பத்துப்பேர், "இருக்கோம்!" என்றார்கள்.

"கல்லெடுத்தேன், கவணிலே வச்சேன்.
சுத்துறேன், சுத்துறேன், தலைக்கு மேலே சுத்துறேன்.
கண்ணு வேண்டாம், காதைக் குடுங்க.
விட்டேன்! எங்க விழுந்துச்சு?"

"எங்க பூண்டுக்காட்டுல!" என்று ஓர் ஆள் கத்தினான். மேகம் முழுக்கச் சிரித்தது. கம்பளியை மறுபடி விரிக்கிற சத்தம் கேட்டது.

அப்புறம் அவள் அந்த ஊரையே ஆடவைத்தாள். கிளி வருகிறது என்பாள்; ஊர் விரட்டும். பன்றி வருகிறது என்பாள். ராத்திரிக் காவலில் பன்றி விரட்டிப் பழகின ஜனங்கள் ஆயிற்றே, தொண்டை நரம்பு புடைக்க ஓ என்று கூவுவார்கள். காட்டுக்காவலுக்கு வைத்திருக்கிற தகர டப்பாவை ஒருவன் ஓடிப்போய் எடுத்துவந்து தட்டினான். அவள் காலால் ஒரு நடை கொடுத்தாள், அவன் பிடித்துக்கொண்டான். அந்தத் தகரம் அன்றைக்கு எங்களுக்கு மிருதங்கம். எங்கள் மிருதங்கக்காரருக்கு முகம் எப்படிப் போயிற்று என்று நல்லவேளையாகத் தெரியவில்லை. மாட்டிக்கொண்ட என் பஞ்சமத்தையே அவள் சுருதியாக வைத்துக்கொண்டாள். நான் துருத்தியை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கையை எப்படி வீசுகிறாள், இடுப்பை எந்தப் பக்கம் ஒடிக்கிறாள், எங்கே திரும்புகிறாள் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். சொன்ன சொல்லும் சலங்கைச் சத்தமும் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. விளக்கு வெளிச்சத்தில் அவள் ஆடி நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவ்வளவு துலக்கமாகப் பார்த்ததில்லை.

ராஜபார்ட் உள்ளே முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னைப் பாக்க முடியாத எடத்துல நான் எதுக்கு வரணும்?" என்றார். அது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"யாரது, யாரது, மேகத்துக்குள்ளே மினுமினுன்னு வர்றது?
தோளிலே பச்சை, மாரிலே செவப்பு,
இடுப்புக் கச்சையிலே எண்ணி முடியாத வெள்ளி.
வேடனா இது? வேடனுக்கு ஏது இம்புட்டு மினுக்கு?
மயிலைக் கட்டிப்போட்டுட்டு வந்த சாமி மாதிரி இருக்கே!"

"அடேயப்பா" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் நிஜமாகவே வியந்தார். அவ்வளவுதான். ராஜபார்ட் ஒரே தாவலில் மேடைக்கு வந்தார். மனிதரைப் பற்றி இவ்வளவு கேலி பேசினேன், இதையும் சொல்ல வேண்டும்: அன்றைக்கு அவர் பாடியதுபோல அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. கையைக் காலை ஆட்டிக் காட்ட வழியில்லாததால் முழு மூச்சையும் குரலில் வைத்தார்.

கல்யாணக் காட்சிக்கு வந்துவிட்டோம். இனித் தாலி ஏறவேண்டியதுதான். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போது கல்தூண் பக்கம் மறுபடி இருமல்.

"கேட்டதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் இல்லேங்கல. ஆனா தாலியைக் கண்ணால பாக்கணும்ல? மேகத்துக்குள்ள கட்டுன தாலி சாமி கண்ணுல படாதுன்னு எங்கப்பன் சொல்லுவாரு. இந்தச் சகுனத்தை வச்சுக்கிட்டு நான் எப்படி வெத்தலை மாத்த? கெளம்புங்கலே."

முன்வரிசையில் பூண்டுக்கார அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவது எனக்கு மட்டும் கேட்டது. மகள் அழவில்லை. "ஆத்தா, சும்மா இரு" என்று சொன்னாள். அந்தக் குரலில் அலுப்புதான் இருந்தது. வந்த இடமெல்லாம் தட்டிப்போனவளுக்கு இது ஒன்றும் புதிசில்லை போலிருக்கிறது.

கதைப்படி அடுத்து வள்ளியின் தகப்பன், அந்த வேடர் தலைவன், வந்து பெண்ணைக் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பபூன்தான் அந்த வேடமும் கட்டுவது. அவர் எழுந்து என்னைத் தாண்டிப் போனார். போனவர் தடுமாறித் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுறா அண்ணே, பேசாம இருன்னு" என்று என் காதில் சொன்னார்.

சலங்கை மேடையை விட்டு இறங்கியது. மெதுவாக, கூட்டத்துக்குள்.

"தாலி இருக்கு, மஞ்சள் இருக்கு, மாப்பிள்ளை நிக்கிறார் மயிலோடே.
குடுக்க ஒரு கை இல்லையே, எங்கப்பன் எங்கே போனாரு?
வள்ளிக்கிழங்குக் குழியிலே கெடந்தவ நான்.
பெத்தவன் பேரைச் சொல்லத் தெரியாதவ நான்.
ஊருக்கெல்லாம் ஒரு தகப்பன் இருக்கான்,
எனக்கொருத்தன் இருக்கானா, இந்த மேகத்துக்குள்ளே?"

வள்ளியைக் கிழங்குக் குழியில் கண்டெடுத்தார்கள் என்பது கதையில் இருப்பதுதான். எத்தனையோ தடவை மேடையில் கேட்டதுதான். ஆனால் "பெத்தவன் பேரை" என்ற இடத்தில் அவள் குரல் வேடம் கட்டியிருக்கவில்லை. என் கை துருத்தியில் நின்றுபோனது. பஞ்சமமும் நின்றது. சலங்கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. கோயில் மணியில் அவள் கை பட்டு டணார் என்றது. அங்கே சலங்கை நின்றது.

"கண்ணை மேகம் மறைக்கும். கையை மறைக்குமா?
கண்ணாலேயா கன்னியைக் குடுப்பாக? கையாலேதானே குடுப்பாக?
இந்தா புடிச்சுட்டேன், சுடுதே இந்தக் கை!
சாமி, இதுதான் எங்கப்பன் கை.
அப்பா, ஊரு கேக்குது, ஆத்தா மாரி கேக்குறா.
என்னைக் குடுக்குறியா, இல்லேன்னு கையை உதறுறியா?"

யார் கையை அவள் பிடித்திருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருமல் வந்தது. ஆனால் இந்தத் தடவை அது நெடுநேரம் வந்தது. அவர் கையை உதறியிருந்தால் சத்தம் கேட்டிருக்கும். சலங்கை காட்டிக் கொடுத்திருக்கும். உதறவில்லை.

"இப்படிக் கேட்டுட்டியே தாயி" என்றார் கடைசியில். கட்டைக் குரல் கரகரத்துப் போயிருந்தது. "இல்லேன்னு எந்த வாயால சொல்லுவேன்? குடுத்தேன். எம் மகளைக் குடுத்தேன்."

குலவை கிளம்பியது. எந்தப் பக்கம் யார் போடுகிறார்கள் என்று தெரியாமல் மேகம் மொத்தமும் குலவை போட்டது. தகர டப்பாவைக் கெட்டிமேளமாக அடித்து நொறுக்கினான் அந்த ஆள். அவள் அவரை மேடைவரை கையைப் பிடித்து அழைத்துவந்தாள். ராஜபார்ட் தாலி கட்டினார். நான் அழுதுகொண்டே வாசித்தேன். யாருக்கும் தெரியாது என்பதால் துடைக்கவும் இல்லை.

மாப்பிள்ளையின் தாயாரை அதுவரை நான் ஒரு வார்த்தை பேசிக் கேட்கவில்லை. இப்போது அவள் குரல் அந்த மாமன் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டது: "என்னண்ணே, சாமி முன்னால ஒரு பொண்ணைக் கையப் புடிச்சுக் குடுத்துட்டு, அடுத்த பொண்ணை வேண்டாம்னா சொல்லப் போறீக?" அவர் இருமினார். தட்டு கைமாறி, வெற்றிலை சரசரக்கிற சத்தம் கேட்டது. எங்களுக்குக் குழம்பு ஊற்றிய அந்தப் பெண், ஆர்மோனியத்துக்குப் பின்னால் வந்து தடவித் தடவி எங்கள் கதாநாயகியைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் முட்டைக்கோஸ் லாரியில் இறங்கும்போது அவளிடம் கேட்டேன். "அம்புட்டு மேகத்துல எப்படிம்மா சரியா அந்தக் கையைப் புடிச்ச?"

"மணித்தூணுதான் தெரியுமே அண்ணே. மத்தவுக எல்லாம் உக்காந்திருந்தாக. அவரு ஒருத்தருதான் கெளம்புறேன்னு நின்னுக்கிட்டு இருந்தாரு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு எவ்வளவு சாதாரணமாகத் தூங்குகிறாள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு அடிவாரத்தில் கூட்டம் நெரிந்தது. தம்பி காவடிக்காரர்களோடு போயிருந்ததால் நான் கல்லாவில் சிக்கிக்கொண்டு எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். கடை முன்னால் ஒரு கறுப்புக் கம்பளி வந்து நின்று இருமியது. பின்னால் அந்தப் பள்ளங்கிப் பெண், மஞ்சள் காயாத தாலிக்கயிற்றோடு, வாய் நிறையச் சிரிப்போடு. மூட்டை எல்லாம் அவள் புருஷன் தலையில்.

பெரியவர் ஒரு பூண்டுச் சரத்தைக் கல்லாமேல் வைத்தார். மலைப்பூண்டு, நல்ல பெரிய பல்.

"இதை எம் மககிட்டக் குடுத்துருங்க. ஆர்மோனியக்காரரு நீங்கதானே?"

"குடுத்துருறேங்க."

"எப்படி இருக்கா? ஒடம்புக்கு நல்லாருக்காளா?"

"நல்லாருக்காங்க."

அவர் போகாமல் நின்றார். பேரம் பேசப்போகிறார் என்று நினைத்தேன். இருமினார். "கல்யாணம் கிய்யாணம் ஏதும் பேசுறீகளா அவளுக்கு?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பேசுனா எனக்குச் சொல்லி விடுங்க. அடுக்கத்துக்கு ஆள் அனுப்புங்க. எனக்குச் சொல்லாம முடிச்சுப்புடாதீக, ஆமா. நான்தானே குடுக்கணும்."

சொல்லிவிட்டு அவர் கூட்டத்தோடு மலையேறப் போய்விட்டார். சாமான் கேட்டு நின்றவர்களை நான் கவனிக்கவே இல்லை.

அந்த வாரமே பாலசமுத்திரத்தில் எங்களுக்கு நாடகம். மேடைக்குப் பின்னால் அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பவுடர் பூசிக்கொண்டிருந்தாள். பூண்டுச் சரத்தை மடியில் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன், எனக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்? பூசிய கை அப்படியே நின்றது. ஏதாவது பதில் கட்டுவாள் என்று பார்த்தேன். எத்தனை பேருக்குப் பதில் கட்டியவள்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே" என்றாள். "அவரு சொன்ன மாதிரி சொல்லுங்க."

நான் ஆர்மோனியக்காரன். வாழ்நாளில் ஒரு வேடம் கட்டினவன் இல்லை. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தோள் துண்டைக் கம்பளி மாதிரி போர்த்திக்கொண்டேன். தொண்டையைக் கனைத்து, அவர் இருமின மாதிரி இருமினேன்.

"எனக்குச் சொல்லாம முடிச்சுப்புடாதீக, ஆமா. நான்தானே குடுக்கணும்."

பவுடர் கலைந்து கோடாக வழிந்தது. அதைத் துடைக்காமல், "இன்னொரு தடவை அண்ணே" என்றாள். வெளியே ஜனங்கள் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடி இருமினேன்.